நாக்குக்குப் பிடிபடாத நஞ்சு

ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை: மலேசியாவில் கோலசிலாங்கூரின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு முடிந்தவர்களின் பொழுதுபோக்கு ஒருகாலத்தில் பெரும்பாலும் கள்ளுக்கடையாகத்தான் இருந்தது. காலையில் இறக்கிய கள் உச்சிவேளையில் இனிக்கும், மாலையில் ஏறும், மறுநாள் காடியாகிவிடும். பானையில் இருப்பது புதிதா பழையதா, தண்ணீர் கலந்ததா என்று குடிப்பவரின் நாக்கே தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஆனால் கள்ளுக்கடையைத் தொழிலாளர் எல்லோரும் கொண்டாடவில்லை. 1941இல் பக்கத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் கோரிக்கையாக இருந்தது. கொடுத்த கூலி கடைவழியே திரும்பிப் போவதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

பின்னாளில் சம்சு என்னும் சாராயம் வந்தது. உரிமத்தோடு விற்ற மலிவான பாட்டில் ஒரு பக்கம், செம்பனைக் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வடித்த சாராயம் இன்னொரு பக்கம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1980களில் இதற்கு எதிராகக் குரல் எழுப்பியது.

இங்கேதான் நாக்கு தோற்றது. குடிக்கும் சாராயம் எத்தனால். அதில் சிலர் கலந்துவிடும் தொழிற்சாலைக் கரைப்பான் மெத்தனால். இரண்டுக்கும் நிறமில்லை, வாசனையிலும் பெரிய வேறுபாடில்லை, ஆரம்பப் போதையும் ஒன்றுபோலவே. உள்ளே போனபின் ஈரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்; அது பார்வை நரம்பைத் தாக்கும். விஷம் தெரிய அரைநாள், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் பாட்டில் காலியாகி, இன்னும் நாலு பேர் கைக்கும் போயிருக்கும்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அதுதான் நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேபாளம், மியான்மர், வங்காளதேசத்திலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் பலர். அன்று தமிழன் நின்ற இடத்தில் இன்று அவர்கள்.

இப்படிப்பட்ட வழக்குகளில் பாட்டில்கள் பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட வேதியியல் துறையிடம் போகும். வாயுப்பகுப்புக் கருவியில் சாராயத்தை ஆவியாக்கி நீண்ட குழாயில் ஓடவிட்டால், மெத்தனால் முன்னால் வரும், எத்தனால் பின்னால் வரும். தாளில் இரண்டு முகடுகள். எது எவ்வளவு என்பதை முகட்டின் அளவு காட்டிவிடும்.

மருத்துவமனையில் நடப்பதுதான் விசித்திரம். மெத்தனால் குடித்தவருக்கு அளந்த எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. ஈரலின் நொதி எத்தனாலை முதலில் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் அமிலமாக மாறாமல் காத்திருக்கும். அதற்குள் சுத்திகரிப்பு இயந்திரம் அதை ரத்தத்திலிருந்து வடித்துவிடும்.