நிரம்பாத தட்டு: தென்காசிக் காய்ச்சலும் நுண்பாய்ம எதிர்ப்பொருள் சோதனையும்

2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு பதிவானது. 66 பேர் இறந்தனர். நாடு முழுவதும் அவ்வாண்டு பதிவான 50,222 பேரில் நான்கில் ஒருவர் நம் மாநிலத்தவர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் நோய் கடுமையாகத் தாக்கியது. கடையநல்லூர் என்ற ஊர்ப்பெயர் பல மாதங்கள் டெங்குவோடு சேர்ந்தே செய்திகளில் வந்தது. 2019 நவம்பரில் அந்த ஊரை உள்ளடக்கித் தென்காசி தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆய்வகமும் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பழைய மாவட்டத்திலேயே நின்றுவிட்டன.

தொலைவுதான் இங்கே முதன்மைச் சிக்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய தடை சோதனைத் தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். டெங்குவை உறுதிசெய்ய நாம் நம்பியிருக்கும், ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா முறை 96 குழிகள் கொண்ட தட்டில் நடக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நேர்க் கட்டுப்பாட்டுக்கும் எதிர்க் கட்டுப்பாட்டுக்கும் சில குழிகள் போய்விடும். இரண்டு மூன்று மாதிரிகளுக்காக ஓட்டினால் வேதிப்பொருள் வீணாகும். ஆகவே ஆய்வகம் மாதிரி சேரும்வரை காத்திருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் தட்டு ஒரே நாளில் நிரம்பிவிடும். நோய் தலைகாட்டும் முதல் வாரங்களில், அதாவது முடிவு மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில், அது நிரம்புவதில்லை.

டெங்குவின் நாட்கணக்கு இந்தக் காத்திருப்பைப் பொறுக்காது. டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதம் முதல் நாட்களில் இரத்தத்தில் தெரியும், ஐ.ஜி.எம். ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து எழும். காய்ச்சல் தணியும் அதே வேளையில்தான் பிளாஸ்மா கசிவு தொடங்குகிறது. இரண்டாம் முறை தொற்றியவருக்கு ஐ.ஜி.எம். தாழ்ந்தும் ஐ.ஜி.ஜி. என்ற மற்றோர் எதிர்ப்பொருள் முன்கூட்டியே உயர்ந்தும் இருக்கும். ஆபத்து மிகுந்தவரும் அவரே. என்.எஸ்.1, ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. மூன்றையும் ஒரே துளி இரத்தத்தில் அன்றைக்கே அளந்து சொன்னால் மட்டுமே மருத்துவருக்குப் பயன்.

அது எப்படி இயலும் என்பதற்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு. நீரில் ஐ.ஜி.ஜி. மூலக்கூறின் விரவல் குணகம் நொடிக்கு ஏறத்தாழ 40 சதுர மைக்ரோமீட்டர். விரவலுக்கான நேரம் தொலைவின் இருமடிக்கேற்ப வளரும். எலிசா குழியில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் திரவம் சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரம் நிற்கும்; மேற்பரப்பிலுள்ள மூலக்கூறு அசைவற்ற திரவத்தில் விரவல் ஒன்றினாலேயே அடிப்பரப்பை எட்ட முப்பது மணி நேரத்துக்கும் மேலாகும். அதனால்தான் குழியின் சுவரையும் பூசி, வெப்பமூட்டி, படிக்கு ஒரு மணி நேரமாகக் காத்து, நான்கு மணி நேரத்தில் ஒரு சமரசத்துக்கு வருகிறோம். மிக நுண்ணிய கால்வாய்களில் திரவத்தை ஓட்டும் நுண்பாய்மச் சில்லின் 50 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள கால்வாயிலோ அதே பயணம் அரை நிமிடத்தில் முடிகிறது. ஐ.ஜி.எம். பருத்தது, இன்னும் மெல்ல நகர்வது. ஆயினும் கணக்கு நிமிடங்களைத் தாண்டாது. வேதிவினை பழையதுதான். தொலைவு மட்டுமே சுருங்கியிருக்கிறது.

எலிசாவில் இடையிடையே வரும் கழுவும் படிகளைச் சில்லில் தானியங்கியாக்குவதே கடினமான பகுதி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் சியா குழு 2011இல் வெளியிட்ட சில்லு இதை அழகாகத் தீர்த்தது: வினைப்பொருள்களையும் கழுவுநீரையும் ஒரே குழாயில், இடையிடையே காற்றுக்குமிழி விட்டு வரிசையாக அடைத்து, ஊசிக்குழலால் இழுத்தார்கள். வரிசை மாறவே வழியில்லை. ருவாண்டாவில் எச்.ஐ.வி., சிபிலிஸ் எதிர்ப்பொருள்களை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அது காட்டியது. டொராண்டோவின் ஆரன் வீலர் குழு மின்னழுத்தத்தால் துளிகளை நகர்த்தும் கருவியை 2016இல் கென்யாவின் ககுமா அகதி முகாமுக்கே கொண்டுசென்று, தட்டம்மை, ரூபெல்லா எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. பெங்களூரில் தனஞ்ஜய தெந்துகூரி இணைந்து நிறுவிய அகிரா லேப்ஸ் பட்டிழையில் வினைப்பொருளை ஏற்றிக் கைத்தறியில் சோதனைத் துணி நெய்து பார்த்தது. நெசவு அறிந்த நம் நிலத்துக்கு இது கவனிக்கத்தக்க முயற்சி.

ஏற்கெனவே கார்டு டெஸ்ட் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அட்டையில் தோன்றும் மங்கிய கோட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறோம், அளவு கிடைப்பதில்லை. அரசின் டெங்குத் திட்டம் எலிசா போன்ற ஆய்வகச் சோதனை முடிவையே உறுதியாகக் கொள்கிறது. அட்டையில் நேர்முடிவு வந்தவர் ‘சாத்தியமுள்ள நோயாளி’ மட்டுமே. எலிசாவின் வேதிவினையை எண்ணாக அளந்து தரும் சில்லு இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது. ஆனால் அங்கீகாரம் தராமல் கருவியை மட்டும் வாங்கி வைத்தால், அதன் முடிவும் அட்டையின் முடிவைப் போல ‘சாத்தியமுள்ள’ வகையிலேயே விழும். மாதிரி மறுபடி திருநெல்வேலிக்குப் பேருந்தேறும்.

தென்காசியில் சரிபார்க்காத சில்லைத் தென்காசிக்கு வாங்கக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். கடும் டெங்குவில் பிளாஸ்மா கசிந்து இரத்தம் கெட்டியாகிறது; ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இருபது விழுக்காடோ அதற்கு மேலோ உயரலாம். புறவிசையின்றி நுண்புழை ஈர்ப்பால் மட்டும் முழு இரத்தத்தை இழுக்கும் சில்லில், பாகுநிலை கூடினால் ஓட்டம் தளரும். மிக மோசமான நிலையிலுள்ள நோயாளியிடமே கருவி தடுமாறும். நலமானவர்களின் இரத்தத்தில் மட்டும் செய்த சரிபார்ப்பில் இக்குறை தெரியவே தெரியாது. உள்ளூர்ச் சரிபார்ப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்தில் 2021இல் ஜிகா கண்டறியப்பட்டது. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், டெங்கு மூன்றின் எதிர்ப்பொருள்களும் ஒன்றன் ஆன்டிஜெனோடு மற்றொன்று ஒட்டக்கூடியவை. நேர்முடிவையும் எதிர்முடிவையும் பிரிக்க வெளிநாட்டுச் சீரத்தில் வைத்த வெட்டுப்புள்ளி, டெங்கு பலமுறை வந்துபோன ஊரில் பொருந்தும் என்று கொள்ள இடமில்லை.

குற்றாலம் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் பல மாவட்டத்தார் அருவிகளில் கூடிக் கலைகிறார்கள். டெங்குவின் நோய் அரும்பு காலம் 4 முதல் 10 நாள். ஸ்கிரப் டைபஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அதைவிட நீளலாம். இங்கே தொற்றியது வேறூரில் வெளிப்படும், வேறூரில் தொற்றியது இங்கே வெளிப்படும். மூன்றும் தொடக்கத்தில் ஒரே காய்ச்சலாகத் தோன்றுவன, மருத்துவமோ வேறு. டாக்ஸிசைக்ளின் ஸ்கிரப் டைபஸைத் தீர்க்கும், டெங்குவுக்குப் பயன்படாது. எனவே ஒரே நோய்க்கான சில்லு இந்த வட்டாரத்துக்குப் போதாது. ஒரே துளியைப் பல கால்வாய்களுக்கு ஊட்டும் திறன்தான் நுண்பாய்மத்தின் உண்மையான வலிமை.

ஆனால் மக்கள்தொகை ஆய்வுக்கு இத்தகைய சில்லு தேவையில்லை. 2020 அக்டோபர்–நவம்பரில் தமிழ்நாட்டில் 26,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கொரோனா எதிர்ப்பொருள் ஆய்வில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அத்தகைய பணிக்குப் பெரிய ஆய்வகமே சிக்கனமானது.

பொது சுகாதாரத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை அரசு மருத்துவமனைகளில் ஒரு சாரல் காலமும் ஒரு வடகிழக்குப் பருவமும் தொடர்ந்து, ஒவ்வொரு மாதிரியையும் எலிசாவோடு இணைத்து, ஹெமட்டோகிரிட்டையும் பயண விவரத்தையும் பதிந்து இச்சில்லுகளைச் சோதிக்க வேண்டும். தேறிய சில்லின் முடிவை உறுதி முடிவாக ஏற்கும் ஆணையையும் அதே கையோடு பிறப்பிக்க வேண்டும்.