'தெரியல': எழுத்து, கண், வைத்தியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி வேலையாகச் சிதம்பரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கண் முகாமில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டி, வந்தவர்களை வாசிக்கச் சொன்னார்கள். ஒரு கிழவி 'தெரியலப்பா' என்றாள். அடுத்து வந்த பத்து வயதுப் பையன் 'தெரியல சார்' என்றான். இருவருக்கும் ஒரே குறியைப் போட்டார் உதவியாளர். கிழவி பனை உச்சியில் உட்கார்ந்திருக்கும் காக்காயை எண்ணிச் சொல்லக்கூடியவள், எழுத்துதான் தெரியாது. பையனுக்கு எழுத்துத் தெரியும், கரும்பலகைதான் தெரியாது.

காணாமையும் அறியாமையும் தமிழில் இந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கற்றவருக்கே கண்ணுண்டு, கல்லாதவர் முகத்தில் இருப்பவை புண்கள் என்கிறது குறள் (393). கற்கவே விடப்படாதவன் இதை எந்தக் கண்ணால் வாசிப்பது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். எழுத்தைக் கண்ணோடு ஒட்டவைக்கும் இந்த உருவகம், நவீன வைத்தியச் சொல்லாடலுக்குள் புகுந்து, வாசிக்கத் திணறும் குழந்தையின் உடம்பில் எப்படி எழுதப்பட்டது என்பதே இங்கு என் அக்கறை.

அக்கறைக்குச் சொந்தக் காரணமும் உண்டு. கடலூர் முதுநகரில் என் அக்கா மகன் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, மனக்கணக்கில் எங்கள் எல்லோரையும் மடக்குவான். புத்தகத்தைத் திறந்தால் வியர்த்துவிடும். 'கொடி' அவன் வாயில் 'கெடி' ஆகும். வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வைத்தாயிற்று. யாரோ சொல்லி, கண் பயிற்சி தரும் நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். 'ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யல, அதான் படிப்பு ஏறல' என்றார்கள். கயிற்றில் கோத்த மணிகளை மாறிமாறிப் பார்ப்பது, மூக்கு நுனிவரை பென்சிலைக் கொண்டுவருவது, நிறத்தாள் வழியாக வாசிப்பது என்று நாற்பது தடவை. அக்கா வளையலை அடகு வைத்தாள். கடைசியில் மணிகளை அழகாகப் பார்த்தான். 'கொடி' மட்டும் 'கெடி'யாகவே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'கண்ணில் கோளாறில்லை' என்று முதலில் சொன்னவர்கள் கண் மருத்துவர்களேதான். மூளை பாதிக்கப்பட்டு வாசிப்பை இழந்தவர்களைக் குறிக்க 1877இல் குஸ்மால் 'சொற்குருடு' என்ற பதத்தை உருவாக்கினார். 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை 1887இல் தந்த ருடால்ஃப் பெர்லின் ஒரு கண் மருத்துவர். 1895இலிருந்து இதுபற்றி எழுதிவந்த கிளாஸ்கோ கண் சிகிச்சை நிபுணர் ஹின்ஷெல்வுட், நோயாளிகளின் கண்ணைச் சோதித்துவிட்டு மூளையை நோக்கி விரலை நீட்டினார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதினான்கு வயதுப் பெர்சியைப் பற்றி எழுதினார். பையன் கெட்டிக்காரன், தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே சூட்டிகையானவன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவன் ஆசிரியரின் கணிப்பு. என் அக்கா இதைப் படித்திருந்தால் அழுதிருப்பாள்.

அப்படியானால் பழி மறுபடியும் கண்ணுக்கு எப்படித் திரும்பியது? வாசிக்கும் கண் வரியில் வழுக்கிச் செல்வதில்லை, தாவித்தாவிச் செல்கிறது என்பது 1870களின் இறுதியில் பாரிசில் ஜவால் செய்த ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. திணறும் குழந்தையின் கண் அதிகம் தடுமாறுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. தடுமாறும் கண்ணைப் பழக்கினால் வாசிப்பு வந்துவிடும் என்று முடிவு கட்டினார்கள். இது தலைகீழ்த் தர்க்கம். சொல் பிடிபடாததால்தான் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போய் விழுகிறது. அமெரிக்காவில் ஸ்கெஃபிங்டன் போன்ற கண்ணாடிப் பரிசோதகர்கள் 1928 முதல் ஓர் அமைப்பாகத் திரண்டு இந்தக் கண் பயிற்சியை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தனர். மருத்துவப் பார்வை தன் பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று ஃபூக்கோ (1963) சொன்னது இங்கே உருவகமல்ல, அப்படியே நடந்தது.

நம் பக்கத்தில் இதற்கு வேறொரு கிளை உண்டு. கடலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. வடக்கே, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் டாக்டர் ஆர்.எஸ். அகர்வால் நிறுவிய கண்பார்வைப் பள்ளி. நியூயார்க் மருத்துவர் பேட்ஸ் 1920இல் வெளியிட்ட முறையே அதன் அடித்தளம்: மூடிய கண்ணில் வெயில் படவைத்தல், உள்ளங்கையால் கண்ணைப் பொத்துதல், உடம்பை ஆட்டுதல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொடி எழுத்து வாசித்தல். ஆல்டஸ் ஹக்ஸ்லி இம்முறையைப் புகழ்ந்து 1942இல் ஒரு புத்தகமே எழுதினார். கண் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறுவது வில்லையின் வேலை என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இலேயே காட்டியிருக்க, பேட்ஸ் அதை மறுத்து வெளித்தசைகளின் வேலை என்றார். அறிவியல் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கண்ணாடி வேண்டாம் என்ற வாக்குக்கு இங்கே ஒரு சுதேசிக் கவர்ச்சி இருந்தது. 'கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்' என்ற பயமும் கூடவே இருந்தது.

ஆனால் கழற்றி எறிவதற்கு முதலில் கண்ணாடி வேண்டுமே. முகாமில் நான் பார்த்த பையனுக்கு அது கிடையாது. தமிழகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் வந்தது 2009இல்தான். நடுத்தர வர்க்கம் கண்ணாடியைத் துறக்கப் பயிற்சி எடுத்த காலமெல்லாம், கரும்பலகை தெரியாமலே எத்தனை பேர் 'மக்கு' ஆகிப் படிப்பை விட்டார்கள் என்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

பயிற்சி முழுக்கவே மோசடி என்று நான் சொல்லவில்லை. கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கிக் குவியாத கோளாறு ஒன்று உண்டு. தலைவலியும் இரட்டைப் பார்வையும் தரும். 221 குழந்தைகளை வைத்து 2008இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், நிலையத்தில் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். அதே குழுவினர் 311 குழந்தைகளிடம் வாசிப்பையே அளந்தபோது (2019) கதை மாறியது: உண்மைப் பயிற்சி பெற்றவர்கள் போலிப் பயிற்சி பெற்றவர்களை விட அதிகமாக முன்னேறவில்லை. குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009இல் விட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது.

சிக்கல் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு கோப்பதில். தமிழில் 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண் முதலில் சந்திப்பது கொம்பு, பிறகு 'க', அதன் பிறகு கால். காதுக்கோ 'க்' முதலில், 'ஒ' பிறகு. கால் விட்டுப்போனால் 'கெ'. பெரியார் 1935இல் 'குடி அரசி'ல் தொடங்கி 1978இல் அரசாணையான சீர்திருத்தம் துதிக்கை போட்ட 'ணை', 'லை', 'னை'களைத் திருத்தியது. கொம்பும் காலும் நடுவில் எழுத்தைச் சிறைவைப்பது அப்படியே நின்றுவிட்டது. நம் பையனின் 'கெடி'க்குள் இருந்தது இந்தக் கணக்குத்தான். அவன் கண் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

திண்ணைப் பள்ளியில் வாய் சொல்ல, காது கேட்க, விரல் மணலில் எழுதியது. சென்னை எழும்பூர் அனாதை விடுதியை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைப் பார்த்துத்தான் தன் 'மெட்ராஸ் முறை'யை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். திணறும் குழந்தைகளுக்காக 1930களில் அமெரிக்காவில் கில்லிங்ஹாம் வகுத்த முறையும் கண், காது, கை மூன்றையும் சேர்த்தே பழக்குகிறது. இதைச் சொன்னவுடன் 'பார்த்தாயா, எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு ஒட்டில்லை. அந்தத் திண்ணையில் கோதண்டம் கட்டித் தொங்கவிட்டார்கள். சேரிப் பிள்ளை ஏற முடியாத திண்ணை அது. தில்லையைப் பார்க்க ஆசைப்பட்ட நந்தனின் பெயரிலேயே சகஜானந்தர் 1910களில் சிதம்பரத்தில் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு மணல் எழுத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

பெயர் சூட்டுவதிலும் இந்தப் படிநிலை தொடர்கிறது. சென்னையில் டிஸ்லெக்சியா சங்கம் 1991இல் உருவானது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டைச் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் சான்றிதழ் வாங்க உளவியலாளர் வேண்டும், அலைய நாள் வேண்டும், முதலில் அந்தச் சொல்லே காதில் விழுந்திருக்க வேண்டும். சொல் எட்டிய வீட்டில் அது குறைபாடு. எட்டாத வீட்டில் 'படிப்பு ஏறாத ஜாதி'.

அக்கா மகனை ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி டீச்சரம்மா ஒருவர் சாயங்காலங்களில் உட்காரவைத்தார். தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைப்பார். எட்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டிக்காக நின்றோம். 'நானே படிக்கிறேன் மாமா' என்றான். 'சி... த... ம்... ப... ர...' முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் ஏறியிருக்கலாம். அவன் கடைசி 'ம்'மைச் சொல்லும்வரை நின்றேன். அடுத்த வண்டி வர இருபது நிமிஷம் ஆனது.