தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே: முதல் அனல் மின் நிலையத்தின் இரும்பு

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தின் வரலாறு என்றால் தேதிகள் வரிசையாக வந்து நிற்கும். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் ஒன்றியத்தின் துணையோடு முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. 1970க்குள் ஆறு ஐம்பதும் மூன்று நூறுமாக 600 மெகாவாட் நிறைந்தது. 2020 செப்டம்பரில் நிலையம் ஓய்ந்தது. சுரங்கத்தின் பக்கெட் வீலையும் கொதிகலனையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டருக்குள் இருந்த இரும்புக்கும் அந்த நினைவில் இடம் வேண்டும்.

ஓவர்ஹாலில் ஜெனரேட்டரின் சுழலும் ரோட்டரை உருவி எடுத்தபின், அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், உட்சுவர் நெடுக மெல்லிய கோடுகள் தெரியும். சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் எஃகுத் தகடுகளுக்கு வார்னிஷ் பூசி, ஆயிரக்கணக்கில் அப்பளக் கட்டு போல அடுக்கி இறுக்கியதுதான் ஸ்டேட்டரின் கோர். நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் ரோட்டரின் காந்தப்புலம் அதில் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் புரளும். காந்தப்பாயம் தகட்டோடு ஓடலாம். மின்னோட்டம் தகடு விட்டுத் தகடு தாவக் கூடாது. பூச்சு தேய்ந்து தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் சுழல் மின்னோட்டம் கிளம்பும், இரும்பு சுடும். முற்றிவிட்டால் உருகவும் செய்யும். அதனால்தான் கோரைச் சுற்றிக் கேபிள் கட்டி, காந்தப்புலம் ஏற்றி, எங்கே சூடு என்று தேடும் லூப் டெஸ்ட். 58 ஆண்டு ஓடிய நிலையத்தின் நலம், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சையும் நம்பியிருந்தது.

அந்தப் பூச்சும் எஃகும் போல, மின்காப்பியும் காந்த உலோகமும் தொடும் இடத்தை இன்றைய இயற்பியல் வேறொரு ஆசையோடு பார்க்கிறது. பிஸ்மத் செலினைடு ஒரு டோபாலஜிகல் இன்சுலேட்டர்: உள்ளே மின்காப்பி, மேற்பரப்பு மட்டும் கடத்தி. அந்தப் பரப்பில் ஓடும் எலக்ட்ரானின் ஸ்பின், அது போகும் திசைக்குக் கட்டுப்பட்டது. 2014இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு பிஸ்மத் செலினைடின்மேல் நிக்கல்-இரும்புக் கலவையைப் படியவைத்து மின்சாரம் செலுத்தியது. அறை வெப்பநிலையிலேயே உலோகத்தின் காந்தத்தை வலுவான முறுக்குவிசை தள்ளியது. குறைந்த மின்சாரத்தில் எழுதக்கூடிய காந்த நினைவகங்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

ஆனால் அந்த எல்லை எளிதில் வசப்படுவதாக இல்லை. உலோகம் தொட்டதும் மின்னூட்டம் இடம் மாறுகிறது. மேற்பரப்பு நிலைகள் உலோகத்தின் நிலைகளோடு கலந்து, புதிய இடைமுக நிலைகள் உருவாகின்றன. மின்னோட்டத்தில் கணிசமான பங்கு உலோகம் வழியே போய்விடுகிறது. ஆகவே காந்தத்தன்மையுள்ள மின்காப்பியை உலோகத்துக்குப் பதில் வைத்தும் பார்க்கிறார்கள். பிஸ்மத் செலினைடிலேயே செலினியம் அணு விட்டுப்போன காலியிடங்கள் உள்ளுடலையும் கடத்தவைக்கும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தக் குறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அன்றைய கோரிலும் இன்றைய ஆய்விலும் எல்லைதான் பாடம். பழைய இரும்புக் கணக்கில் போகாமல் அந்த ஸ்டேட்டர் கோரின் ஒரு துண்டாவது எஞ்சியிருந்தால், அதை நெய்வேலி ஜவகர் அறிவியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.