மானிப்பாய் மருத்துவமனையும் தமிழ்வழி மருத்துவக் கல்வியும்

மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த தனியார் போதனா மருத்துவமனை அண்மைக் காலத் தோற்றம் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. தமிழர் வரலாற்றில் அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே காணப்படுகிறது. அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கி, அங்கேயே மாணாக்கரையும் பயிற்றுவித்தார். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்தான்.

தொடக்கத்தில் மானிப்பாயிலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசுப் பணியை நாடி வெளியேறினர். சிற்றூர்கள் மருத்துவரின்றியே இருந்தன. விடுப்பில் தாயகம் சென்று 1862இல் மீண்ட கிரீன், பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர் என்பது அவர்தம் கணிப்பு. ஆகவே இம்மாற்றத்தை மொழிப்பற்றின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. மருத்துவம் மக்களைச் சென்றடைவதற்கான வழியாகவே அவர் தமிழைக் கைக்கொண்டார் என நாம் கருதுகிறோம்.

கற்பிக்க நூல்கள் வேண்டியிருந்தன. ‘இரண வைத்தியம்’ 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. மாணாக்கர் சிலரும் இம்மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்றனர். கலைச்சொற்களுக்கு முதலில் தமிழையும், அடுத்து வடமொழியையும் நாடி, இரண்டிலும் கிட்டாதபோதே ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தனர். பாதாதிகேசம், கேசாதிபாதம் பயின்ற நமக்கு ‘அங்காதிபாதம்’ அயன்மையாக ஒலிப்பதில்லை. இன்று உடற்கூறியல், வேதியியல் என்னும் சொற்கள் அவ்விடங்களைப் பெற்றுவிட்டன. ஆயினும், சொல் இல்லை என்று தயங்கி அவர்கள் பாடத்தை நிறுத்தவில்லை.

கிரீன் 1873இல் தாயகம் திரும்பினார். மருத்துவக் கல்வி கொழும்பில் ஆங்கிலவழி நிலைபெற்ற பின்னர் மானிப்பாயின் தமிழ் வகுப்புகள் நீடிக்கவில்லை.

மலாயாத் தோட்ட மருத்துவமனைகளில் பணியாற்றிய ‘டிரசர்’களுள் யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தனர். சுங்கை புரோங்கை உள்ளடக்கிய கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மலேரியாவுற்ற பாட்டாளி தன் நோயைத் தமிழில் சொன்னான். அவனுக்குரிய மருந்தோ ஆங்கிலத்தில் எழுதப்பெற்றது. அந்த இடைவெளி பின்னர் வகுப்பறையிலும் தோன்றியது. 2003இல் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழில் கலைச்சொல் போதுமா என்னும் ஐயமும் எழுப்பப்பட்டது. அப்போது மனுஷ அங்காதிபாதத்திற்கு வயது 131.