ஒருவர் ஒருவராய் மீட்ட விமானி

வீரமென்பது பகைவர் உயிரைக் கவர்வதில் மாத்திரம் அடங்கியதன்று. பகைவர் நடுவே புகுந்து நம்மவர் உயிரை மீட்பதும் வீரமேயாம். இதற்குச் சான்றாக, இரண்டாவது உலக மகாயுத்தத்தில் நம் தேசத்து எல்லைக்கப்பால் நிகழ்ந்த வரலாறொன்றைத் தொப்பம்பட்டி வட்டாரத்து அன்பர்கட்கு எடுத்துரைப்போம்.

1942-ம் வருஷத்தில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய காலத்து, அங்கு வாழ்ந்த தமிழ் மக்கள் பல்லாயிரவர் கால்நடையாய் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டதும், பசியாலும் பிணியாலும் அநேகர் வழியிலேயே மாண்டதும் யாவரும் அறிந்த துயரமாகும். அந்நாட்டுக் காடுகளில் 1944-ல் 'சிண்டிட்' என்னும் படையினர் ஜப்பானியர் அணிகளுக்குப் பின்னே புகுந்து போர் புரிந்தனர். அவர்களுள் காயமுற்றோரைச் சிறு விமானங்கள் ஏற்றி வந்தன.

அவ்வருஷம் ஏப்ரல் மாதம் 21-ந் தேதி, காயமுற்ற பிரிட்டிஷ் வீரர் மூவரை ஏற்றிச் சென்ற எட் ஹ்லடோவ்சக் என்னும் அமெரிக்க விமானியின் விமானம் குண்டடிபட்டு வீழ்ந்தது. நால்வரும் பிழைத்தனர், ஆயினும் ஜப்பானியர் அண்மையில் இருந்தமையால் காட்டில் ஒளிந்திருந்தனர். விமானம் இறங்குதற்கேற்ற இடமும் ஆங்கில்லை.

அப்பொழுது அஸாமிலுள்ள லாலாகாட் தளத்தில் லெப்டினென்ட் கார்ட்டர் ஹார்மன் என்னும் இருபத்தைந்து வயது வாலிபர் இருந்தார். அவரிடமிருந்த ஸிகார்ஸ்கி ஹெலிகாப்டர், நின்ற இடத்தினின்றே மேலெழும் புதுமையான யந்திரம். ஆனால் அதன் பலமோ 200 குதிரைத்திறனுக்கும் குறைவு. விமானியன்றி இன்னொருவர்க்கே இடமுண்டு. அத்தகைய யந்திரத்தைக் கொண்டு, இடையிடையே எரிபொருள் நிரப்பி, மலைகளைக் கடந்து அவர் பர்மாவை அடைந்தார்.

ஏப்ரல் 25-ந் தேதி காட்டினிடையே இறங்கி, காயமுற்ற ஒருவரை ஏற்றி, ஆற்று மணல்மேட்டில் காத்திருந்த சிறு விமானத்திடம் சேர்ப்பித்தார். மீண்டும் சென்று இரண்டாமவரைக் கொணர்ந்தார். அவ்வளவில் யந்திரம் கொதித்து ஓய்ந்தது. இரவு முழுதும் பகைவர் நாட்டு மணல்மேட்டிலேயே தங்கி, மறுநாள் மூன்றாமவரையும், இறுதியில் ஹ்லடோவ்சக்கையும் மீட்டார். காயமுற்றோர் முன்னே செல்க எனத் தாம் பின்தங்கி நின்ற ஹ்லடோவ்சக்கின் பொறுமையும் போற்றற்பாலதன்றோ?

யுத்தகளத்தில் ஹெலிகாப்டரால் நிகழ்ந்த முதல் மீட்பு இதுவேயாம். பின்னர் ஹார்மன் இசைத்துறையில் புகுந்து, 2007-ல் காலமானார். நம் இந்திய விமானப் படை 1954-ல் முதல் ஹெலிகாப்டரைப் பெற்றது. 1999-ல் கார்கில் யுத்தத்தில் ஸ்ரீவித்யா ராஜன், குஞ்சன் ஸக்ஸேனா என்னும் வீராங்கனையர் இருவர் 'சீட்டா' ஹெலிகாப்டர்களில் பறந்து தொண்டாற்றினர்.

நால்வரையும் ஒருங்கே சுமக்க அந்த யந்திரத்திற்கு வலிமையில்லை. ஆதலின் ஹார்மன் நான்கு முறை சென்றார். மூவர் பிழைத்தது போதுமென அவர் எண்ணவில்லை. நம்மவரைத் தாங்குதற்கென்றே கூடியுள்ள நாமும், நமது பொருளும் ஆளும் சிறியவென்று மனந்தளராது, கடைசி ஒருவர் கரையேறுமளவும் திரும்பத் திரும்பச் செல்லக் கடமைப்பட்டுள்ளோம்.