தோட்டம் போனால் வீடும் போகும்

சேர்வராயன் மலையில் காப்பி 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய பயிர். 1990களில் காப்பி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் முறை நீங்கியதும், விலை உலகச் சந்தையின் கைக்குப் போனது. இன்று ஏற்காட்டின் நிலமதிப்பில் காப்பியைவிடச் சுற்றுலா விடுதிக்கே செல்வாக்கு அதிகம்.

செம்மநத்தம் போன்ற மலையூர்களில் இம்மாற்றம் எல்லோரையும் ஒன்றுபோல் தொடுவதில்லை. பட்டா உள்ளவர் ஓர் அறையை வாடகைக்கு விடலாம். விலை ஏறும்வரை காத்திருக்கலாம். தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவருக்கு விற்கவோ காத்திருக்கவோ எதுவுமில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடளிக்கும் கடமையை நிர்வாகத்தின்மீது வைத்தது. ஆனால் வீட்டை வேலையோடு பிணைத்தும் வைத்தது. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அவர் வீட்டுக்காரர் ஆவதில்லை.

இதன் முடிவை மாஞ்சோலையில் கண்டோம். 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல்தான் முடியும். எனினும் 2024இலேயே பாம்பே பர்மா நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளரை இறங்கச் சொன்னது. (விருப்பம் யாருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.) அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

1961ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் தோட்டங்களுக்கு விலக்களித்தது. அவ்விலக்கு பயிருக்கானது, முதலாளிக்கானதன்று. பயிரை அழித்து விடுதி எழுப்பும் இடங்களில் உச்சவரம்பை மீண்டும் கணக்கிட வேண்டும்; உபரி நிலம் முதலில் லைன் வீட்டாருக்கே சேர வேண்டும் என்கிறோம். வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு எழுதுவோர், அத்தோட்டத்தின் நிலப்பயன்பாடு எந்த ஆண்டில், எவர் அனுமதியால் மாறியது என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி கேட்டுப் பெறுதல் நன்று.