ஆல்புமின் நானோதுகள்

நீரில் கரையாத புற்றுநோய் மருந்துகளைச் சுமந்து செல்வதற்காக, இரத்தப் புரதமான ஆல்புமினைக் கொண்டு உருவாக்கப்படும் நுண்துகள். இயற்கைப் பலபடிகளால் ஆன மருந்தூர்திகளில் மருத்துவமனை வரை வந்து நிலைத்த முதன்மையான எடுத்துக்காட்டு, 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அப்ராக்சேன்.

அதிலுள்ள புற்றுநோய் மருந்தான, பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்ட பாக்லிடாக்செல் நீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படும் கிரெமோஃபோரும் எத்தனாலும் கலந்தே அதைக் கரைத்தார்கள். அந்தக் கரைப்பானே கடும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. எனவே முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து, மூன்று மணி நேரம் மருந்தேற்ற வேண்டியிருந்தது. ஆல்புமின் கரைசலுடன் மருந்தைச் சேர்த்து உயர் அழுத்தத்தில் குறுகிய வழியே செலுத்தினால், ஏறத்தாழ 130 நானோமீட்டர் துகள்கள் கிடைக்கின்றன. இவற்றை 30 நிமிடத்தில் ஏற்றலாம். மருந்தளவையும் சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 175 மில்லிகிராமிலிருந்து 260 ஆக உயர்த்த முடிந்தது. பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்ட ஆய்வில் 33 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. பழைய வடிவத்தில் 19 விழுக்காடுதான். நரம்புப் பாதிப்பு புதியதிலேயே கூடுதல். பின்னர் நுரையீரல் (2012), கணையப் (2013) புற்றுநோய்களுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

குறிபார்த்துத் தாக்கும் மருந்து என்று இதைப் புகழ்வது மிகை. துகள்கள் இரத்தத்தில் விரைவில் பிரிந்து, மருந்து பிணைந்த தனி ஆல்புமின் மூலக்கூறுகளாகிவிடுகின்றன. கட்டியிலுள்ள ஸ்பார்க் புரதம் அவற்றை ஈர்க்கிறது என்ற கருதுகோளைக் கணையப் புற்றுநோய் ஆய்வு உறுதிப்படுத்தவில்லை.

இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான், கடற்பாசியின் ஆல்ஜினேட், ஜெலட்டின் ஆகிய பிற இயற்கைப் பலபடிகளாலான புற்றுநோய் மருந்தூர்திகள் பெரும்பாலும் ஆய்வக நிலையிலேயே உள்ளன. மூலப்பொருளின் தன்மை தொகுதிக்குத் தொகுதி மாறுவது அதற்கு ஒரு காரணம்.